யார் வீட்டுச் சாவு?

தோழர்களே, தமிழ்ப் படத்துச் சாவுக் காட்சி ஒண்ண நினைச்சுப் பாருங்க. பெரிய வீட்டு முற்றம். நடுவில் பிணம், சுற்றி மாரடிக்கும் பெண்கள், தூணில் சாய்ந்து கலங்கும் கதாநாயகன். ஓரத்தில் பறையடிக்கிறவர் யார்? கேதம் சொல்லப் போனவர், குழி வெட்டியவர் யார்? நம்ம ஆளுதான். அடுத்தவன் துக்கத்துக்கு ஊழியம் செய்கிறவனாகத்தான் கேமரா நம்மைப் பெரும்பாலும் பார்த்திருக்கிறது. பறையடித்தவன் வீட்டில் சாவு விழுந்தால் அந்தப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதில்லை.

மாரி செல்வராஜ் அந்தக் கேமராவை நம் தெருவுக்குத் திருப்பினார். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் தண்டவாளத்தில் கட்டிக் கொல்லப்பட்ட கருப்பி என்ற நாய்க்கு மனுசருக்குப் போலவே துக்கம் நடக்கிறது. ‘கர்ணன்’ (2021) படத்தில் வலிப்பு வந்து நடுரோட்டில் துடிக்கும் சிறுமியைத் தாண்டிப் பேருந்துகள் போய்க்கொண்டே இருக்கின்றன. செத்தவள் தெய்வமாகிறாள். அந்த அழுகை ஒரு கேள்வியாக ஊருக்குள்ளேயே நிற்கிறது: பஸ் ஏன் நிக்கல?

நமக்கு இன்னொரு பேருந்தும் தெரியும். 1997 ஜூன் 30, மேலூர் பக்கம் மேலவளவு. பேருந்தை மறித்து ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட 6 பேரை வெட்டிக் கொன்றார்கள். தலித்துக்கு ஒதுக்கிய பதவியில் ஒரு தலித் உட்கார்ந்ததுதான் குற்றம்.

ஆனால் ஒண்ணு. வெட்டுப்பட்ட உடலைக் காட்டுவது சினிமாவுக்குச் சுலபம், ரத்தம் விலைபோகும். பதினாறாம் நாள் முடிந்து களையெடுக்கப் போகிற மனைவி, வாய்தாவுக்குக் கோர்ட்டு வாசலில் காத்துக் கிடக்கிற தாய், இவர்கள் துக்கத்துக்கு எத்தனை நிமிசம் ஒதுக்குகிறோம்? படம் எடுக்கப் போகிற மாணவத் தோழர்களே, கேமராவை எடுத்துக்கிட்டு முதல்ல அந்த வீடுகளுக்குப் போங்க. ஒப்பாரியை முழுசாக் கேளுங்க.