முதல் வரைபடத்தின் மதிப்பு



ஆலையடிவேம்பில் ஒருவர் வீடு கட்ட முற்பட்டால், முதலில் நிலத்துக்கு வருவன நான்கு முளைகளும் ஒரு கயிறுமே. மேசன் கயிறு பிடித்து அளக்கும்போது, "இந்த அறையைச் சற்றுத் தள்ளினால் என்ன?" என்று வீட்டுக்காரர் கேட்கலாம். முளையைப் பிடுங்கி அப்பால் நட்டால் காரியம் முடிந்தது. சுவர் எழுந்தபின் அதே கேள்வியைக் கேட்டால், சுவரை இடிக்க வேண்டும். கூரை ஏறியபின் கேட்கவோ எவருக்கும் துணிவு வராது. மருதமுனை நெசவாளர் பாவு ஓட்டுமுன்னரே இழைகளை எண்ணிக்கொள்வதும் இது பற்றியே. ஒரு பொருளை ஆக்குமுன் அதன் அமைப்பை ஆராயும் பொறியியற் கலையின் முதற்பாடமும் இதுதான்.

இப்பாடத்தைப் பேரளவிற் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அக்கரைப்பற்றிலிருந்து வடக்கே அட்டாளைச்சேனையையும் பாலமுனையையும் கடந்தால் ஒலுவிலை அடையலாம். அங்கே டென்மார்க்கின் கடனுதவியோடு ஒரு துறைமுகம் அமைக்கப்பட்டு, 2013இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் பின்னர் நேர்ந்தவற்றை இக்கரையோர மக்கள் கண்ணாரக் கண்டனர். துறைமுகத்தின் தென்புறத்தே மணல் குவிந்தது. வடபுறத்தே கடல் கரையை அரித்துத் தென்னங்காணிகளை விழுங்கியது. வாயிலை மணல் அடைத்தமையால் மீன்பிடிப் படகுகள் வந்துபோக இயலாது தவித்தன. பின்னர், கற்களைக் கொட்டிக் கரையைக் காக்கவும், மணலை அகழ்ந்து வாயிலைத் திறக்கவும் வேண்டியதாயிற்று.

இதன் காரணம் யாது? அலைகள் கரையைச் சாய்வாக மோதும்போது, மணலையும் கரையோரமாக நகர்த்திச் செல்கின்றன. காற்றுப் பருவத்துக்கேற்ப அதன் திசை மாறினும், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், நம் பகுதியில் மணல் வடக்கு நோக்கியே செல்கின்றது. கரை என்பது ஓயாது ஓடும் ஒரு மணலாறு எனலாம். அதன் குறுக்கே கல்லணை நீட்டினால், ஒருபுறம் மணல் தேங்கும். மறுபுறம், வரவு நின்றுபோன கரை தேய்ந்தொழியும்.

இது உலகு புதிதாய்க் கண்ட உண்மையன்று. சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கல்லணை எழுந்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரீனாக் கடற்கரை அகன்றது; வடக்கே இராயபுரப் பக்கத்தைக் கடல் அரித்தது. கிழக்கு நோக்கியிருந்த வாயிலைப் பிற்காலத்தில் மூடி, வடகிழக்கில் வேறு வாயில் திறக்க நேர்ந்தது. விசாகப்பட்டினத்திலோ, 1933இல் துறைமுகம் திறந்த காலத்திலேயே, பழைய கப்பல்கள் இரண்டை மூழ்கடித்து மணலைத் தடுத்து நிறுத்த வழிசெய்தனர். மணலை அகழ்ந்து அகற்றும் வேலை அங்கே தொடக்கத்திலேயே திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று.

யாரையும் குறைகூறுவது எனது நோக்கமன்று. முதல் வரைபடம் மேசைமீது கிடக்கும் நாளிலே நாம் கேட்க வேண்டியவை சில உள. இரு பருவக்காற்றுகளிலும் மணல் எவ்வாறு நகர்கின்றது என்று பல்லாண்டு அளந்தோமா? சிறு மாதிரி அமைத்து, அதன்மீது அலையை மோதவிட்டுப் பார்த்தோமா? ஆண்டுதோறும் மணல் அகழும் செலவைத் துறைமுகத்தின் விலையோடு சேர்த்தோமா? கரைவலை இழுத்தே தலைநரைத்த மீனவரை அழைத்து, "இவ்விடத்து மணல் எப்படி?" என்று வினவினோமா? இவற்றுக்குச் செலவாகும் மாதங்களை வீண் தாமதம் என எண்ணுவோர் பலர். உண்மையில், மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் மாதங்கள் அவையே.

வரைபடத்திலுள்ள ஒரு கோட்டை மாற்ற ஓர் அழிறப்பர் போதும். அக்கோடு கடலுள் கல்லாய் இறங்கிய பின், அதன் பிழைக்கு விலை கொடுப்பவர் வரைந்தவர் மட்டுமல்லர். காணியை இழந்த குடும்பமும், படகைக் கரையில் ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் மீனவரும் அவ்விலையைக் கொடுக்கின்றனர். ஆதலின், நம் ஊரில் இனி எழவிருக்கும் பாலமாயினும், படகாயினும், துறையாயினும், கயிறு பிடிக்கும் வேளையிலேயே நம் கேள்விகளையெல்லாம் கேட்டுவிடுவோமாக.