பெலேயின் காலும் பார்போசாவின் தலைவிதியும்

(கால்பந்துக் கழகம் ஒன்றில் பெலே படத்தைத் திறந்துவைத்துச் செய்த சொற்பொழிவு)



இன்று பெலே அவர்களின் படத்தைத் திறந்துவைக்கும் வேலையை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். நாம் பந்து உதைத்துப் பேர் வாங்கியவர்களல்ல. ஆயினும், ஏழைக் குடும்பத்தில் பிறந்து உழைப்பினால் உலகறிய வாழ்ந்த ஒருவரைப் பாராட்டும் கூட்டம் என்பதால் சந்தோஷத்தோடு ஒப்புக்கொண்டோம். ஆனால் உங்கள் அழைப்பிதழைப் பார்த்ததும் ஒரு சங்கதி நம் மனதை உறுத்திற்று. அதில் "கால்பந்துக் கடவுள்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அன்பினால்தான் போட்டிருப்பீர்கள், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பட்டம் அவருக்குப் பெருமையா, சிறுமையா என்பதைப் பற்றித்தான் இன்று இரண்டொரு வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறோம்.

பெலே 1940-ம் வருஷம் அக்டோபர் 23-ல் பிரேசில் தேசத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் எட்சன். மின்விளக்குத் தந்த எடிசனுடைய பெயர் அது. ஏதோ ஒரு புண்ணிய புருஷர் பெயரை வைக்காமல், இருட்டைப் போக்கின மனிதனின் பெயரை ஒரு ஏழைத் தகப்பன் தன் பிள்ளைக்கு வைத்தான் என்றால் அவனுடைய புத்தியை நாம் மெச்ச வேண்டாமா? அந்தத் தகப்பனும் பந்தாட்டக்காரர்தான். முழங்காலில் அடிபட்டு ஆட்டம் கெட்டு, சொற்ப வருமானத்தில் குடும்பம் நடத்தினார். பையன் ஜோடு துடைத்துக் காசு சம்பாதித்தான். பந்து வாங்க வழியில்லாமல், காலுறைக்குள் கந்தலும் காகிதமும் அடைத்து, வெறுங்காலால் தெருவில் உதைத்தான். தகப்பனோ தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் தினந்தோறும் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1934-ல் உலகப் போட்டியில் ஆடின வால்டெமார் தெ பிரித்தோ என்பவர் அந்தப் பையனைப் பழக்கி, 1956-ல், பதினைந்து வயதில், சாந்தோஸ் என்னும் கழகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இதில் எந்த இடத்தில் தெய்வம் வந்தது? தகப்பன் வந்தார், வாத்தியார் வந்தார், பசி வந்தது, பயிற்சி வந்தது. தெய்வம் ஒன்றைத்தான் காணோம்.

"எல்லோரும்தான் உழைக்கிறார்கள்; எல்லோரும் பெலே ஆகிவிட்டார்களா? ஆகையால் அது வரந்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடம்பின் வாகு ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுவதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாகு வேறு, வரம் வேறு. நல்ல மண்ணும் உழுதால்தான் விளையும். உழுதவனை விட்டுவிட்டு, விளைந்த நெல்லுக்காக வேறு எவனுக்கோ படையல் போடுவது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறோம்.

தோழர்களே! இந்த வர நம்பிக்கை வெறும் முட்டாள்தனத்தோடு நின்றுவிட்டால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். அது ஒரு மனிதனின் வாழ்வையே பாழாக்கிய கதை அதே பிரேசிலில் நடந்திருக்கிறது.

1950-ம் வருஷம் ஜூலை 16-ல் ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில் பிரேசிலும் உருகுவேயும் மோதின. ஏறக்குறைய இரண்டு லட்சம் ஜனங்கள் கூடியிருந்தார்கள். பிரேசிலுக்கு வெற்றிகூட வேண்டியதில்லை. சமமாக முடிந்தாலே உலகக் கோப்பை. ஆனால் 2-க்கு 1 என்று தோற்றார்கள். தேசமே அழுதது. பெலேயின் தகப்பனாரும் அழுதார். ஒன்பது வயதுப் பையன், "அழாதே அப்பா, நான் கோப்பை வாங்கி வருகிறேன்" என்று சொன்னதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

தோற்றவர்கள் காரணம் தேடினார்களா? தேடினார்கள். என்ன காரணம் கண்டுபிடித்தார்கள்? போட்டிருந்த வெள்ளைச் சட்டைக்கு ராசியில்லையாம்! அதற்கு முந்தின வருஷம், 1949-ல், தென் அமெரிக்கக் கோப்பையை வென்றபோது போட்டிருந்ததும் அதே வெள்ளைச் சட்டைதானே! அப்போது இருந்த ராசி எங்கே போயிற்று? பிறகு மஞ்சள் சட்டைக்கு மாறினார்கள். அந்த மஞ்சள் சட்டையோடு 1954-ல் போய் ஹங்கேரியிடம் 4-க்கு 2 என்று தோற்றுத் திரும்பினார்கள். 1958-ல் இறுதி ஆட்டத்தில் எதிரி ஸ்வீடனுக்கும் மஞ்சள் சட்டையாய் இருந்ததால் நீலம் போட நேர்ந்தது. ஆட்டக்காரர்கள் பயந்தார்கள். "நீலம் மாதாவின் அங்கியின் நிறம்" என்று ஒரு பெரியவர் தைரியம் சொன்னார். ஜெயித்தார்கள். "பார்த்தீர்களா, மாதாவின் மகிமை!" என்பார்கள். அப்படியானால் 1962-லும் 1970-லும் மஞ்சள் சட்டையோடு ஜெயித்தார்களே, அது யாருடைய மகிமை?

சட்டையை மாற்றிவிடலாம். மனிதனை என்ன செய்வது? அன்று கோல் காத்தவர் பார்போசா. கறுப்பு நிறத்தவர். 1949-ல் கோப்பை வாங்கித் தந்த குழுவிலும் அவர்தான் கோல்காவலர். உருகுவேயின் முதல் கோல், ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டிவிட்ட பந்தால் விழுந்தது. இரண்டாந்தரமும் அப்படித்தான் வரும் என்று யோசித்து அவர் ஒரு எட்டு முன்னே வந்தார். பந்து பக்கத்து இடுக்கில் நுழைந்துவிட்டது. யோசித்துச் செய்த காரியம் தவறிப்போயிற்று, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நிமிஷத்திற்காக ஊர் அவரை அபசகுனம் என்றது. 1993-ல் தேசியக் குழு பழகும் இடத்திற்குப் போனபோதுகூட, ராசி கெட்டுவிடும் என்று அவரை உள்ளே விடவில்லையாம். தமது தேசத்தில் எந்தக் குற்றத்திற்கும் 30 வருஷத்திற்கு மேல் தண்டனையில்லை, தமக்கு மட்டும் 50 வருஷம் என்று அவர் நொந்து சொல்லி, 2000-ம் வருஷத்தில் இறந்துபோனார். 1888 வரையில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்த தேசம் அது. பழி சுமத்த ஆள் தேடினபோது யார் தலை அகப்பட்டது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஒருவனுக்கு வரம் என்று ஒப்புக்கொண்டால் இன்னொருவனுக்குச் சாபம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெலேயைக் கடவுளாக்கும் அதே வாய்தான் பார்போசாவைச் சனியனாக்குகிறது.

1958-ல் உண்மையில் என்ன நடந்தது? பிரேசில்காரர்கள் அந்தத் தடவை புத்தியைக் கொண்டு வேலை செய்தார்கள். குழுவோடு வைத்தியர் இருந்தார். ஆட்டக்காரர்களின் உடம்பைச் சோதித்தார்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். பல் வைத்தியர் சொத்தைப் பற்களைப் பிடுங்கினார். ஏழைப் பிள்ளைகளின் வயிற்றில் பூச்சியும் வாயில் சொத்தையும் இருந்த வரையில் எந்த மாதாவும் வந்து சுகப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அங்கே ஒரு மனநூல் நிபுணரும் இருந்தார். பெலேக்கு இன்னும் குழந்தைப் புத்தி, அவரை ஆடவிடலாகாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். படித்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காகப் பயிற்சியாளர் பெயோலா தலையாட்டவில்லை. மைதானத்தில் தம் கண்ணால் கண்டதையே நம்பினார். பதினேழு வயதுப் பையன் வேல்ஸுக்கு எதிராக ஒன்று, பிரான்சுக்கு எதிராக மூன்று, இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனுக்கு எதிராக இரண்டு, ஆக ஆறு கோல் போட்டான். வேதமானாலும் நிபுணரின் காகிதமானாலும் அனுபவத்தில் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

அதன்பின் 1962-ல் இரண்டாவது ஆட்டத்திலேயே காயம். கோப்பையைக் கொண்டுவந்தவர்கள் கரிஞ்சாவும் அமரில்டோவும் மற்றத் தோழர்களும். 1966-ல் எதிரிகள் அவரை உதைத்து உதைத்து நொண்டவைத்தார்கள். பிரேசில் முதல் சுற்றிலேயே வெளியேறிற்று. இனி உலகப் போட்டியே வேண்டாம் என்று வெறுத்தவர், மறுபடி மனதைத் திடப்படுத்திக்கொண்டு உழைத்து, 1970-ல் இத்தாலிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் முதல் கோலைத் தலையால் போட்டார். 4-க்கு 1 என்று வெற்றி. ஆட்டக்காரராக மூன்று உலகக் கோப்பைகளை வென்றவர் அவர் ஒருவரே. தேசத்திற்காக 92 ஆட்டங்களில் 77 கோல். கடவுளுக்குக் கால் நொண்டுமா? தோல்வி வருமா? வெறுப்பு வருமா? வந்தும் எழுந்தாரே, அதுவல்லவா பெருமை!

1969-ல் ஆயிரமாவது கோலைப் போட்டுவிட்டு, ஏழைக் குழந்தைகளைக் கவனியுங்கள் என்று கண்ணீர் விட்டார். பிற்பாடு மந்திரியானார். ஒப்பந்தம் தீர்ந்த பின்னும் ஆட்டக்காரனைக் கழகம் தன் சொத்துப்போலக் கட்டிவைக்கும் வழக்கத்தை ஒழிக்க 1998-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பெலே சட்டம் என்றே பெயர். அவர் போட்ட கோல்களில் இதையும் நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

குறையும் சொல்லவேண்டும். ராணுவ ஆட்சிக் காலத்தில் அவர் பெரும்பாலும் வாய் திறக்காமலிருந்தார் என்று அவர் நாட்டவர்களே குறை கூறினார்கள். மகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்த பெண்ணை அவர் மனமாரச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடவுள் என்று சொல்பவர்கள் இவற்றை மூடி மறைக்கவேண்டியிருக்கும். நமக்கு அந்தக் கஷ்டமில்லை. நல்லதை நல்லதென்போம், தப்பைத் தப்பென்போம்.

2022-ம் வருஷம் டிசம்பர் 29-ல், தமது 82-வது வயதில் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! இந்தப் படத்திற்கு மாலை போடுங்கள், அது மரியாதை. கற்பூரம் காட்டாதீர்கள், அது அவருடைய உழைப்பைத் திருடி வேறொருவன் கணக்கில் எழுதுவதாகும். நாளை உங்களில் ஒருவன் கோல் விட்டுவிட்டால் அவனை ராசியில்லாதவன் என்று தள்ளாதீர்கள். பந்து எந்தப் பக்கம் வந்தது, கால் எங்கே நின்றது என்று கேட்டு, மறுநாள் காலையில் அவனோடு சேர்ந்து பழகுங்கள். கூடுமானால் பெலேயின் படத்திற்குப் பக்கத்தில் பார்போசாவின் படத்தையும் மாட்டுங்கள். அதுவே இந்தக் கழகத்திற்குப் புத்தி புகட்டும் என்று கூறி, படத்தைத் திறந்துவைக்கிறோம்.