மூட்டு நோவும் ஊசி மருந்தும்

(அணுபுரத்திற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் தமிழாசிரியரேயன்றி மருத்துவரல்லேம். எனினும் சங்கத்தார் பணித்தமையின், கற்றும் கேட்டும் அறிந்த சிலவற்றை உங்கள்முன் வைக்கின்றோம்.

நம் பகுதியில் மூட்டுக்களின் வலிமையையே முதலாகக் கொண்டு பிழைப்போர் பலர். மாமல்லபுரத்திற் கல்லின்முன் குந்தியிருந்து உளி பிடிக்கும் சிற்பியர், கடற்கரையில் வலையிழுப்போர், சேற்றிற் குனிந்து நாற்று நடும் பெண்டிர் ஆகிய இவர்க்கு முழங்கால் நொந்தால் அடுப்பும் அணையும். 2006-ஆம் ஆண்டு தமிழ்நாட்டிற் பரவிய சிக்குன்குனியாக் காய்ச்சலும் பலர்க்கு மூட்டு நோவை மாதக்கணக்காக விட்டுச் சென்றது. நோவு மிக்கவர், ‘ஓர் ஊசி போடுங்கள்’ என்று கை நீட்டுகின்றனர். அஃது எவ்வூசி, எதன்பொருட்டு என்று வினவுவார் அரியர். அவ்வினாவே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மூட்டிற் செலுத்தும் ஊசி மருந்துகளுள் இரு வகையை ஈண்டுக் கருதுவோம். ஒன்று அழற்சியை அடக்குவது. மற்றொன்று அழற்சியை எழுப்புவது.

முன்னையது ஸ்டீராய்டு எனப்படும். அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் 1948-இல் கார்ட்டிசோனை முடக்குவாத நோயாளிக்குச் செலுத்திப் பெரும்பயன் கண்டார். 1950-இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரானார். இவ்வினத்து மருந்து நோவை விரைவில் தணிக்கும். ஆயினும், முழங்கால் தேய்ந்தோர் 140 பேரை ஈராண்டு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவு நோக்கத்தக்கது. மூன்று திங்களுக்கொருமுறை ஸ்டீராய்டு பெற்றோர்க்கு, உப்புநீர் பெற்றோரைவிட நோவு குறைந்திலது. குருத்தெலும்போ மிகுதியாகத் தேய்ந்தது. ஆதலின், ‘சென்ற முறை நன்றாக இருந்தது’ என்று அதனையே அடிக்கடி போட்டுக்கொள்ளுதல் நன்றன்று.

பின்னையது புரோலோதெரபி என்பது. எலும்போடு எலும்பைப் பிணிக்கும் நாரை மருத்துவர் லிகமெண்டு என்பர். அதற்குக் குருதியோட்டம் குறைவு. ஆதலின் புண்பட்டால் எளிதில் ஆறாது. நெகிழ்ந்த நார் மூட்டை இறுகப் பிடிக்கமாட்டாது, நோவு நிலைபெறும். அந்நார் எலும்பிற் பற்றுமிடத்தில் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலைச் செலுத்தினாற் சிறிது அழற்சி உண்டாகும். அதனை ஆற்றுதற்கு உடல் முனையுங்கால் நாரும் வலுப்பெறும் என்பது இம்முறையின் கருத்து. ஒஹையோ மாநிலத்து மருத்துவர் ஜார்ஜ் ஹாக்கெட் 1956-இல் இதனைப்பற்றி நூல் வெளியிட்டார். சில வாரம் இடைவிட்டுப் பன்முறை செலுத்தவேண்டும். அடுத்த சில நாள் நோவு மிகுதலும் உண்டு.

சிறு புண் செய்து பெருநோய் தீர்க்கும் எண்ணம் புதிதன்று. கிரேக்கத்து ஹிப்போகிரேட்டஸ் அடிக்கடி நழுவும் தோளைக் காய்ச்சிய இரும்பாற் சுட்டார். சுசுருதரின் நூல் அக்கினி கருமத்தைக் கூறும். நம் சித்த மருத்துவத்துப் புறமருத்துவ வகைகளுட் சுட்டிகையும் ஒன்று.

இனி, புதிய முறை மெய்யாகவே பயன் தருமோ எனின், சான்று இருபாற்பட்டது. 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆராய்ச்சியில் முழங்கால் தேய்ந்தோர் 90 பேர் மூன்று கூறாக்கப்பட்டனர். ஓராண்டு முடிவில், சர்க்கரைக் கரைசல் பெற்றோர் உப்புநீர் பெற்றோரினும், வீட்டிற் பயிற்சி செய்தோரினும் நலமுற்றிருந்தனர். ஆயின் 2004-இல் ஆஸ்திரேலியாவில் நாட்பட்ட இடுப்புநோவினர் 110 பேரிடம் செய்த ஆராய்ச்சியிற் சர்க்கரைக் கரைசலுக்கும் உப்புநீருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. இரு சாராரும் ஓரளவு நலம் பெற்றனர். எனவே, ‘எல்லா மூட்டு நோவும் தீரும்’ என்று விளம்பரம் செய்வாரை நம்பற்க. ‘எல்லாம் வீண்’ என்று இகழ்வாரையும் அப்படியே ஏற்கற்க.

திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். அவ்வரிசையே நமக்கு வழிகாட்டும். நோயாளி தம் சர்க்கரை நோயையும், உண்ணும் மருந்துகளையும் மறையாது கூறவேண்டும். மருத்துவர் மூட்டியலில் தேர்ந்தவராதல் வேண்டும்; ஊசி தவறினால் நரம்பு புண்படும், தூய்மை தவறினால் மூட்டிற் சீழ் பிடிக்கும். மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். வீட்டிலுள்ளோர் நோயாளியைப் பயிற்சி செய்விக்க வேண்டும். தொடைத் தசை வலுப்பெறாமல் எவ்வூசியும் முழங்காலை நெடுநாள் தாங்காது.

1965-இல் தோன்றிய செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரியின் அரசு மருத்துவமனை நமக்கு அண்மையிலுள்ளது. நோவு நாட்பட்டதாயின் முதற்கண் அங்குச் சென்று நோய் இன்னதென அறிந்துகொள்ளுங்கள். முடக்குவாதமோ, மூட்டிற் கிருமி நோயோ இருப்பின் வேறு சிகிச்சையே வேண்டும். நகையை அடகுவைத்து ஊசி போடுதற்கு முன், பெயர் யாது, பயன் யாது, தீங்கு யாது என்னும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். கேட்பது மருத்துவரை அவமதித்தலன்று. நம் உடம்பை நாம் மதித்தலாம்.