அலுமாரிக்குப் பூச்சு: அவசரப்பட்டால் உரிந்துவிடும்

(கிளிநொச்சியில் குடியேறி வாழும் மலையக உறவுகளைக் காணச் சென்றபோது நாங்கள் பேசியது. தோட்டத்து வீடுகளுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறோம்.)



1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி வந்து, வன்னிக் காட்டைத் திருத்தி வாழ்ந்த குடும்பங்கள் நீங்கள். யுத்தம் உங்களைப் பலமுறை இடம்பெயர வைத்தது. 2009 இல் அது முடிந்து திரும்பி வந்தபோது, பல வீடுகளில் கதவு நிலைகூட மிஞ்சியிருக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்த சாமான்களில் அலுமாரியும் ஒன்று. கடன்பட்டு வாங்கிய அந்தச் சாமான் நாலு வருசத்தில் உக்கிப் போகலாமா? அதனால்தான் இன்றைக்கு மரப் பூச்சைப் பற்றிப் பேச வந்தோம்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பழைய அலுமாரி ஒன்று இருந்தது. மழை மாதம் என்றும் பாராமல், பழைய பெயின்டுக்கு மேலேயே புதுசை அடித்தோம். ரெண்டு மாசத்தில் செதில் செதிலாக உரிந்தது. ஒரு நாள் பார்த்தால், ஒரு குழந்தை அந்தச் செதிலைப் பிய்த்து வாயில் வைத்திருக்கிறது! எங்களுக்கு நெஞ்சு திக்கென்றது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நமது நாட்டில் பெயின்டில் ஈயத்துக்கு உச்ச அளவு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயின்டைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணித் தாய்மாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

அன்று நாங்கள் படித்த பாடம் இதுதான்: பூச்சு நிற்பதும் உரிவதும் பூசுவதற்கு முன்பு செய்யும் வேலையில் இருக்கிறது.

சமையலறை அலுமாரியில் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் படிந்திருக்கும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு 120, 180, 220 என்று படிப்படியாக அரத்தாளால் தேய்க்க வேண்டும். மர ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்க்கவும். குறுக்கே தேய்த்தால் கீறல் பூச்சுக்குள்ளே பளிச்சென்று தெரியும்.

முதிரை, தேக்கு போன்ற நல்ல மரத்தை பெயின்டால் மூட வேண்டாம். சாயம் கொடுத்து வார்னிஷ் அடிக்கலாம். சாயத்தை முதலில் பின்பக்கம் கொஞ்சம் பூசிப் பாருங்கள். பூசிச் சில நிமிஷத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். சாயம் நிறம் மட்டும்தான் தரும், தண்ணீரைத் தடுக்காது. தடுப்பது மேலே பூசும் வார்னிஷ். அதை மெல்லிசாக மூன்று தடவை பூசுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் காயவிட்டு, 320 தாளால் மெதுவாகத் தேயுங்கள். தடிப்பாக ஒரே தடவையில் பூசினால் மேல்தோல் காயும், உள்ளே பிசுபிசுக்கும்.

தோட்டங்களில் கிடைக்கும் சவுக்குப் பலகைக்கும், ஒட்டுப்போட்ட பழைய பலகைக்கும் பெயின்ட் நல்லது. ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, பிரைமர் ஒரு தடவை, எனாமல் ரெண்டு தடவை அடியுங்கள். பெயின்ட் இறுகிவிட்டது என்று மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். டின்னில் சொல்லியிருக்கும் தின்னரையே பாவியுங்கள்.

அடிப்பக்கம், முதுகு, பலகையின் வெட்டு முனை, இவற்றையும் விடாமல் பூசுங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

காலமும் முக்கியம். வன்னியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்க வேண்டாம். சோளகம் வீசும் நாளில் புழுதி வந்து ஒட்டும். ஆகவே காற்று எழும்புமுன் காலையில், நிழலில் வைத்துப் பூசுங்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இருப்பவர்கள் மாசி, பங்குனி வெயிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்றவுடன் சட்டி பானையை அடுக்காமல், ஒரு வாரமாவது பொறுங்கள்.

கடைசியாக ஒன்று. லின்சீட் எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் வரிசையே போய்விடும். துணியை வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறப்போடுங்கள். தின்னரை அடுப்புக்கு அருகே திறக்கவே வேண்டாம்.

உழைத்து வாங்கிய அலுமாரி, பிள்ளைகள் காலத்திலும் நிற்கட்டும்.