தந்தை இராம்ஜி ஆற்றிய கடமை

(நமது கல்விச் சங்கத்தின் பெற்றோர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அண்ணல் அம்பேத்கரின் திருவுருவப் படம் இல்லாத மேடை நம்மிடையே இல்லை. அவர் கடல் கடந்து கற்றதையும், அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை ஏற்றதையும் நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அவரைக் கற்க வைத்த தந்தையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. பெற்றோர்க்கென அமைந்த இந்நாளில், சுபேதார் இராம்ஜி சக்பால் என்னும் அப்பெருமகனாரை நினைவுகூர்வதே பொருத்தம் எனக் கருதுகிறோம்.

இராம்ஜி மராட்டிய நாட்டின் கொங்கணப் பகுதியைச் சார்ந்த அம்பவடே என்னும் ஊரைப் பூர்விகமாகக் கொண்டவர். மகர் சமூகத்தினர். அவருடைய தந்தையார் மாலோஜியும் படைவீரரே. ஊரில் திறவாத பள்ளிக் கதவு அந்நாளில் படை முகாமில் திறந்திருந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் வீரர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு புகட்டப் பள்ளிகள் நடந்தன. அவ்வாய்ப்பை இராம்ஜி இறுகப் பற்றிக்கொண்டார். தாம் கற்றார், பின்னர் ஆசிரியரானார், 14 ஆண்டுகள் இராணுவப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது.

1892ஆம் ஆண்டில் மகர் மக்களைப் படையில் சேர்ப்பதற்குத் தடை வந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கற்கவும் உண்ணவும் வழியாய் இருந்த வாயில் அடைபட்டது. அதனை எதிர்த்து அச்சமூகத்துப் படை அலுவலர்கள் அரசுக்கு விண்ணப்பம் எழுதினர். அதனை வரைந்து உதவியவர் நீதிபதி இரானடே என்று தாம் கேட்டறிந்ததாகவும், அவ்விண்ணப்பத்தைத் தம் தந்தையார் பேணி வைத்திருந்த பழைய தாள்களிடையே கண்டதாகவும், 1943ஆம் ஆண்டு பூனாவில் ஆற்றிய உரையில் அண்ணல் குறிப்பிட்டார். உரிமைக்கான தாள் ஒன்றைப் பல்லாண்டு காத்து வைத்த தந்தை அவர். நம் இல்லங்களில் பட்டா, சாதிச் சான்று, மதிப்பெண் சான்று ஆகியவை எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன என்பதைத் தாய்மார்களும் தந்தையரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இல்லற வாழ்வில் இராம்ஜி கண்ட துயரம் பெரிது. அவருக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் பிறந்த மக்கள் 14 பேர். அவர்களுள் எஞ்சியவர் ஐவரே. கடைக்குட்டி பீமராவுக்கு ஏறத்தாழ ஐந்து வயதாகும்போது அன்னையும் சாத்தாராவில் மறைந்தார். தாயற்ற பிள்ளைகளை இராம்ஜியின் தமக்கையார் மீராபாய் அணைத்து வளர்த்தார். பிற்காலத்தில் இராம்ஜி மறுமணம் செய்துகொண்டதை இளம் பீமராவின் மனம் ஏற்கவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் இடையே மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. எனினும் மகனின் படிப்பில் தந்தை கொண்ட கருத்து ஒரு நாளும் தளரவில்லை.

ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. சாத்தாரா மாவட்டத்தில் கோரேகாவ் என்னும் இடத்தில், பஞ்சத்தால் வாடியோர்க்கு வேலை தரும் பொருட்டு அரசு ஏரி ஒன்றை அமைத்தது. அங்கே அவர் காசாளராகப் பணியாற்றினார். 1901ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைத் தம்மிடம் வருமாறு அழைத்தார். புத்தாடை உடுத்தி மகிழ்வோடு புறப்பட்ட சிறுவர்கள் மசூர் புகைவண்டி நிலையத்தில் இறங்கியபோது, வரவேற்க எவரும் இல்லை. அவர்கள் வருகையை அறிவித்த கடிதம் தந்தையின் கைக்குச் சேரவில்லை. சிறுவர்களின் சாதியை அறிந்ததும் வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல இசையவில்லை. இரட்டிப்புக் கூலி தந்து, வண்டியைத் தாமே ஓட்டி, கையில் உணவிருந்தும் குடிக்க நீரின்றிப் பட்டினியாக இரவைக் கழித்து, மறுநாள் முற்பகலில்தான் தந்தையைக் கண்டனர். தம் வாழ்வில் அழியாத் தடம் பதித்த நிகழ்ச்சி என்று அண்ணல் இதனை எழுதினார். படைவீரரின் மக்களாக இருந்தும், கல்வி கற்றிருந்தும், நல்லாடை உடுத்தியிருந்தும் இழிவு தொடர்ந்தது. தாம் அரும்பாடுபட்டுக் காத்த பிள்ளைகளை வழியில் காக்க இயலாத நிலையில் அத்தந்தை இருந்தார்.

பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில், டபக் சால் என்னும் கட்டடத்தில் ஒற்றை அறை. சமையலும் விறகும் உறக்கமும் படிப்பும் அவ்வோர் அறைக்குள்தான். இராம்ஜி தாமே ஆங்கிலப் பாட நூல்களை மனப்பாடம் செய்ய வைத்தார்; மொழிபெயர்ப்புப் பயிற்சி அளித்தார். அறையில் சந்தடி அடங்கும் பொழுதே படிப்புக்கு ஏற்றது என்பதால், மகனை முன்னிரவில் உறங்கச் செய்து, இரவு இரண்டு மணிக்கு எழுப்பி விடுவார். மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் மகன் படிப்பார். ஒரு நாளன்று, இரு நாளன்று. தேர்வு முடியும் வரை இதுவே வழக்கம்.

மகன் புதிய நூல் வேண்டும் என்பார். தந்தையின் கையில் பணம் இராது. மணமாகிச் சென்ற மகளிர் மஞ்சுளா, துளசா ஆகியோரிடம் செல்வார். அவர்களிடமும் பணம் இல்லையெனில் நகையைப் பெற்று அடகு வைத்து நூல் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார். இரு மகன்களையும் படிக்க வைக்கப் பொருள் போதாமையால், மூத்தவர் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். ஆகவே, 1907இல் பீமராவ் பெற்ற மெட்ரிக்குலேஷன் வெற்றியில் அண்ணனின் உழைப்பும் தமக்கையரின் நகையும் அடங்கியுள்ளன. அந்தத் தமக்கையர்க்கு அத்தகைய கல்வி வாய்ப்புக் கிட்டவில்லை என்பதையும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இராம்ஜி மகன்பால் அன்பு மிகுந்தவர். ஆயினும் செல்லம் கொடுத்துக் கெடுப்பவர் அல்லர். பீமராவ் ஆங்கில நான்காம் வகுப்பில் தேறியபோது, சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். இராம்ஜி இசையவில்லை. பையன் ஒரு தேர்வில் தேறியிருக்கிறான், அவ்வளவே. பாராட்டினால் தற்பெருமை வந்துவிடும் என்றார். அவருடைய நண்பரும் எழுத்தாளருமான கேளுஸ்கர் எடுத்துரைத்த பின்னரே உடன்பட்டார். அக்கூட்டத்தில்தான் கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை பீமராவுக்குப் பரிசளித்தார். 1956இல் நாகபுரியில் முடிந்த நெடும் பயணத்திற்கு அந்நூலே முதற்படி.

அந்நூலைப் படித்த மகன், புத்தரைப் பற்றி எமக்கு ஏன் கூறவில்லை, இதிகாசங்களையே ஏன் படிக்கச் சொன்னீர்கள் என்று வினவினார். தீண்டாதார் எனப்படுவோர்க்குத் தாழ்வு மனப்பான்மை தோன்றுவது இயல்பு. எளிய நிலையிலிருந்து உயர்ந்த கர்ணன் போன்றோரின் கதைகள் அதனைப் போக்கும் என்பது தந்தையின் விடை. அவ்விடை மகனுக்கு நிறைவளிக்கவில்லை. ஆனால், எதிர்த்து வினவும் உரிமை அவ்வீட்டில் இருந்தது. இதனைப் பெற்றோர் சிறப்பாகக் கருத வேண்டும்.

பி.ஏ. தேறிய பீமராவ், 1913ஆம் ஆண்டு சனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாள்களில், தந்தை நோயுற்றார் என்ற செய்தி வந்தது. விரைந்து புறப்பட்டவர், தந்தைக்கு இனிப்பு வாங்கும் ஆவலால் சூரத் நிலையத்தில் இறங்கினார், வண்டி சென்றுவிட்டது. மறுநாள் வீடு சேர்ந்தபோது தந்தை இறுதி நிலையில் இருந்தார். 1913 பிப்ரவரி 2ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அவ்வாண்டிலேயே மகன் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைத்தார். அதனைக் காணும் பேறு தந்தைக்கு வாய்க்கவில்லை. 1923இல் வெளிவந்த, ரூபாயின் சிக்கலைப் பற்றிய தம் ஆய்வு நூலை, அண்ணல் தம் தாய் தந்தையரின் நினைவுக்கே உரிமையாக்கினார்.

அன்பர்களே! இவ்வரலாறு இத்துடன் முடியவில்லை. வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது அண்ணல் நம் மக்களின் குறைகளை எழுத்தில் முன்வைத்தார். அதன் பயனாகத் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மெட்ரிக்குலேஷனுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. ஒரு தந்தை மகளின் நகையை அடகு வைத்துச் செய்த செலவை, அரசின் கடமையாக மகன் மாற்றினார். அத்திட்டத்தினால் கற்றோர் இம்மன்றத்திலும் பலர் அமர்ந்துள்ளீர்கள்.

ஆனால் பணத்தை அரசு தரலாம். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையை எழுப்ப அரசு வராது. பத்தாம் வகுப்பு வரை வந்து நின்றுவிடும் நம் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அறிவுக் குறைவு காரணமன்று. கட்டட வேலையின் அன்றாடக் கூலி அவர்களை இழுக்கிறது. வீட்டில் படிக்க இடமில்லை. மாலையில் தந்தை மதுக்கடையிலிருந்து திரும்பும் வீட்டில் அமைதியும் இல்லை. எழுத்தறியாத பெற்றோரும் விளக்கேற்றி அருகில் அமரலாம். திங்கள் ஒரு முறை பள்ளிக்கு வந்து ஆசிரியரை வினவலாம். விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை நூலுக்கு ஒதுக்கலாம். இவற்றுக்குப் பட்டம் தேவையில்லை.

மகளிர்க்கும் இதில் சம உரிமை உண்டு. தம்பியின் நூலுக்காக நகை தந்த தமக்கையர்க்கு நாம் பட்ட கடனை, நம் பெண் மக்களைப் படிக்க வைத்தே தீர்க்க இயலும். மகனைக் கல்லூரிக்கு அனுப்பி, மகளை நிறுத்தும் வழக்கம் நம் தெருவிலிருந்து ஒழிய வேண்டும்.

இளைஞர்களே! அண்ணலின் படத்திற்கு மாலை சூட்டும்போது இராம்ஜியையும் எண்ணுங்கள். நாளை நீங்களும் தந்தையர் ஆவீர்கள், தாயர் ஆவீர்கள். அதுவரை, உங்கள் தெருவில் படிக்க எழுப்புவார் இல்லாத பிள்ளை ஒன்று இருப்பின், சங்கத்தின் இரவுப் பாடசாலைக்கு அதனைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.