அடித்தல் திருத்தலுள்ள நோட்டு



யாருடைய நினைவாக நாம் கூடியிருக்கிறோமோ அவர் பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர். அதனால் தத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆய்வக மேசையிலிருந்தே தொடங்குகிறேன். மாணவர் தாம் செய்ததைத் தாமே எழுதிப் பார்ப்பது எப்போது படிப்பாகிறது, எப்போது சடங்காகிப் போகிறது என்பதுதான் என் பேச்சு.

பிளஸ் டூவில் வேதியியல் படித்த எல்லோரும் இரண்டு நோட்டு வைத்திருந்திருப்பீர்கள். ஒன்று அப்சர்வேஷன் நோட்டு. ஆசிட் தெறித்து ஓரம் பழுத்திருக்கும், பென்சில் எழுத்து, அடித்தல் திருத்தல், பக்கத்து மேசைக்காரன் எழுதிய கேலி வரி ஒன்றும் இருக்கும். மற்றது ரெக்கார்டு நோட்டு. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, இடப்பக்கம் ஸ்கேல் வைத்து வரைந்த படம், வலப்பக்கம் செய்முறை, முன்னால் சான்றிதழ்ப் பக்கம், ஒவ்வொரு சோதனைக்கும் கீழே சிவப்பு மைக் கையெழுத்து. மதிப்பெண் இரண்டாவதற்கு. தேர்வு முடிந்ததும் முதலாவது பழைய பேப்பர்க்காரருக்குப் போய்விடும்.

ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட் கொண்டு தரம் பார்க்கும் பருமனறி பகுப்பாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்புக் குடுவையில் அமிலக் கரைசல், அதில் நீர்த்த கந்தக அமிலம், கை பொறுக்கும் சூட்டைத் தாண்டிச் சூடாக்கி பியூரெட்டைத் திறக்கிறோம். முதல் சொட்டு விழுகிறது. ஊதா நிறம் உடனே போவதில்லை. சற்று நேரம் தங்கிக் கலக்கக் கலக்கத்தான் வெளுக்கிறது. ஆனால் நாலைந்து மில்லி போன பிறகு சொட்டு விழுந்த மாத்திரத்தில் நிறம் மறைகிறது. கவனமுள்ள பிள்ளை இதைப் பார்க்கும். சில பேர் அப்சர்வேஷன் நோட்டின் ஓரத்தில், "முதல் சொட்டு மறைய நேரமாச்சு, அப்புறம் வேகமா மறையுது" என்று கிறுக்கியும் வைத்திருப்பார்கள். அந்த ஓரக் கிறுக்கலுக்குள் தன்வினையூக்கம் என்ற பாடம் முழுதும் உட்கார்ந்திருக்கிறது. வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை முடுக்கிவிடுகிறது. அது சேரச் சேர வேகம் கூடுகிறது. ரெக்கார்டு நோட்டில் இதை எழுத ஒரு கட்டம் கிடையாது. அங்கே இருப்பது தொடக்க அளவு, இறுதி அளவு, ஒத்த அளவு. முதல் தடவை 20.6 வந்தது, பியூரெட் மூக்கில் இருந்த காற்றுக் குமிழ் நடுவில் வெளியேறியதால் வந்திருக்கலாம் என்பதும் அங்கே இடம்பெறாது. 19.8, 19.8 என்று இரண்டு வரி. சாமர்த்தியசாலிகள் விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதிலிருந்து ரீடிங்கைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுதிவிடுவார்கள். "ரீடிங் செட் பண்றது" என்றால் இங்கே பாதிப் பேருக்குச் சிரிப்பு வருகிறது. ஆக, விளக்கம் வேண்டாம்.

இந்த இரண்டு நோட்டுப் பிரச்சினை வேதியியலோடு நிற்கவில்லை. நம் கல்வி முழுவதும் ரெக்கார்டுக்குத்தான் கூலி கொடுக்கிறது. பி.எட். பயிற்சியில் 'சிந்தனைக் குறிப்பேடு' என்று நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்ததும் பல இடங்களில் மூன்றாவது ரெக்கார்டாக ஆகிவிட்டது. அதற்கு வருவதற்கு முன், நோட்டு எழுதியே படித்த ஒரு மாணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மைக்கேல் ஃபாரடே 1791இல் பிறந்தவர், கொல்லர் மகன். பதினாலாவது வயதில் லண்டனில் ரீபோ என்பவரின் புத்தகக் கட்டுமானக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தார். ஐசக் வாட்ஸ் என்பவர் மனத்தைப் பண்படுத்துவது குறித்து எழுதிய நூல் ஒன்று அவருக்கு வழிகாட்டி. படித்ததை, கேட்டதை எழுதி வை என்பது அதில் சொன்ன யோசனைகளுள் ஒன்று. டேட்டம் என்பவர் வீட்டில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அண்ணன் கொடுத்த காசில் போனார். கருவிகளைச் சரியாக வரைய வேண்டுமே என்று, அந்தக் கடை வீட்டில் குடியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் வரையவும் பழகினார். 1812இல் கடை வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த சீட்டில், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய கடைசி நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார்.

அவர் குறிப்பெடுத்த முறையைக் கவனியுங்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும்போது முக்கியச் சொற்களையும் தலைப்புகளையும் மட்டும் கிறுக்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் அதை விரித்து இன்னொரு குறிப்பு. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேச்சு முழுவதையும் படங்களோடு தம் நடையில் எழுதுவார். டேவியின் நான்கு பேச்சும் இப்படி ஏறக்குறைய 300 பக்கமாகி, அவர் கையாலேயே கட்டப்பட்டு, அந்த ஆண்டுக் கடைசியில் டேவிக்கே போய்ச் சேர்ந்தது. 1813 மார்ச்சில் ஆய்வக உதவியாளர் வேலை கிடைத்தது.

உழைத்தால் உயரலாம் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த 300 பக்கம் ஓர் அருமையான ரெக்கார்டு நோட்டு; வேலை வாங்கித் தந்தது, சரி. அதே 1812 ஜூலையில் பெஞ்சமின் ஆபட் என்ற நண்பருக்கு அவர் எழுதிய கடிதந்தான் எனக்கு அதைவிடப் பெரிது. டேவி பேசியதைக் கேட்டதோடு விடாமல், வீட்டிலேயே ஒரு வோல்டா அடுக்கு செய்து பார்க்கிறார். ஏழு அரைப் பென்னிக் காசு, அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாகத் தகடு, நடுவே உப்புநீரில் நனைத்த காகிதம். அதன் கம்பிகளை மக்னீசியம் சல்பேட்டுக் கரைசலில் வைக்கிறார். நாம் பேதி உப்பு என்கிறோமே, அதுதான். இரண்டு கம்பியிலும் குமிழ் படிந்ததையும், எதிர்முனைக் கம்பியிலிருந்து மிகச் சன்னமான குமிழ்கள் வரிசையாக ஓடியதையும், சுமார் இரண்டு மணி நேரத்தில் தெளிந்த கரைசல் கலங்கியதையும் ஒன்று விடாமல் நண்பருக்கு எழுதுகிறார். நடக்குமா என்று அவருக்கே நிச்சயமில்லாமல் செய்த சோதனை அது. மதிப்பெண் போட யாருமில்லை. படிக்கிறவர் ஒரே ஒருவர். அவரும் சம வயது நண்பர்.

அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. 1820 முதல் 1862 வரை அவர் எழுதிய ஆய்வகக் குறிப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. 1832இலிருந்து பத்திகளுக்குத் தொடர் எண் போடத் தொடங்கினார். அது 16,000ஐத் தாண்டியது. ஞாபகமறதி அவரைப் படாதபாடு படுத்தியது, அதனால் பழைய எண்ணைச் சுட்டிப் புதிய பத்தி எழுதுவது அவருக்குத் தேவையாகவே இருந்தது. 1849இல் புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டா என்று விதவிதமாகச் சோதித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததையும் வரிசையாக எழுதி வைத்தார். பின்னர் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். நம் ரெக்கார்டு நோட்டில் விடை வராத சோதனை ஒன்றை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட முடியுமா, யோசியுங்கள்.

கோட்பாட்டுக்காரர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தேர்வுக்கு எப்படியும் படித்திருப்பீர்கள். 1896இல் சிகாகோவில் சோதனைப் பள்ளி தொடங்கிய ஜான் டூயி, 1938இல் எழுதிய சிறிய நூலில் ஒரு முக்கியமான எச்சரிக்கை விடுக்கிறார்: எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதற்கே தடையாகிவிடும். செய்து கற்றல் என்று முழங்குகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1983இல் டொனால்ட் ஷான், தொழிலில் இருப்பவர் வேலையின் நடுவிலேயே யோசிப்பதைப் பற்றி எழுதினார். 1984இல் டேவிட் கோல்ப் நான்கு கட்டச் சுழற்சி வரைந்தார். 1988இல் கிரகாம் கிப்ஸ் அதை ஆறாக்கினார். இவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த ஆறு தலைப்பையும் அச்சடித்துக் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் கட்டத்தை நிரப்புவார்கள். 'உணர்வுகள்' என்ற கட்டத்தில் நாற்பது பேரும் 'மகிழ்ச்சியாக இருந்தது' என்றே எழுதியிருப்பார்கள். நாற்பது பேரும் ஒரே நாளில் மகிழ்ந்திருக்க வாய்ப்பில்லை.

2009இல் வந்த ஆசிரியர் கல்விக்கான தேசியக் கலைத்திட்ட வரைவு, தன் வேலையைத் தானே ஆராயும் ஆசிரியர் வேண்டும் என்றது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, அதில் 20 வாரத்தைப் பள்ளிக்கூடத்தில் கழிக்கச் சொல்லின. இருபது வாரம் சாதாரணமில்லை. அதற்குள் ஒருவர் எவ்வளவோ பார்த்துவிடலாம். ஒன்றையும் பார்க்காமலும் திரும்பிவிடலாம்.

பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் மாணவி, பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு எரிதல் பாடம். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறார். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்தது, காலியான இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று காலங்காலமாகச் சொல்லும் விளக்கத்தைச் சொல்லி முடிக்கிறார். பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், எரியிறப்ப தண்ணி ஏறவே இல்ல. அணைஞ்ச பிறகுதான் கிடுகிடுன்னு ஏறுச்சு" என்கிறாள். "ஆமாம்மா, ஆக்சிஜன் தீர்ந்ததாலதான். உட்காரு" என்று பாடம் நகர்ந்துவிடுகிறது.

பாடத்திட்ட நோட்டில் அன்றைய குறிப்பு: 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். நோக்கம் நிறைவேறியது.' வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் அந்த மாணவியிடம் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அவர் அனுமதியோடுதான் அதைப் படித்தேன். அன்றிரவு பேச்சுத் தமிழில் எழுதியிருக்கிறார்: அந்தப் பொண்ணு சொன்னது சரி. எரியிறப்பவே ஆக்சிஜன் குறையுதுன்னா அப்பவே கொஞ்சங்கொஞ்சமா ஏறியிருக்கணும். ஏன் ஏறல?

மறுநாள் விடுதி அறையில் சாப்பாட்டுத் தட்டையும் டம்ளரையும் வைத்துக்கொண்டு மறுபடி செய்து பார்த்திருக்கிறார். ஒரு வத்தி வைத்தபோது ஏறிய உயரத்துக்கு டம்ளரில் பேனாக் கோடு. அதே டம்ளருக்குள் இரண்டு வத்தி வைத்தபோது தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியது. 'டம்ளர் அதேதான், உள்ள இருக்கிற ஆக்சிஜனும் அதே அளவுதான். அப்ப ஏன் கூட ஏறுது?' என்று ஒரு வரி, அதற்குக் கீழே இரண்டு கோடு. அடுத்த பக்கத்தில்: 'டம்ளரை மெதுவா கவுத்துனா விளிம்புல குமிழ் வருது. காத்து வெளிய போகுது!'

பிடித்துவிட்டார். சுடரின் சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. நீராவியும் குளிர்ந்து நீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. இரண்டு வத்தியென்றால் சூடு அதிகம், வெளியேறும் காற்றும் அதிகம். ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது என்பது வேறு. இதில் ஒரு வரிகூட நான் சொல்லிக் கொடுத்ததில்லை. (1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் குழந்தைகளுக்காக ஒரு மெழுகுவத்தியையே பொருளாக வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவு நிகழ்த்தியவரும் ஃபாரடேதான். அந்த மாணவிக்கு அது அப்போது தெரியாது.)

வகுப்பில் காதில் விழுந்து கடந்துபோன பேச்சு, எழுதும்போது ஏன் இடறியது? வாயால் சொல்லும்போது 'அணைந்தது, ஏறியது' என்று இரண்டும் ஒரே மூச்சில் போய்விடும். எழுதினால் எது முன்னால், எது பின்னால் என்று வைத்தாக வேண்டும். அப்படி வைத்தபோதுதான் காரணம் என்று சொன்னது காலத்தோடு ஒட்டவில்லை என்பது கண்ணில் பட்டது. அதனால் மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. முதலில் நடந்ததை நடந்த வரிசையில், பிள்ளைகள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள். 'ஆர்வத்துடன்', 'சிறப்பாக' போன்ற சொற்கள் வரப்பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள். விளக்கம் இரண்டு நாள் கழித்து வரட்டும், பக்கத்தில் இடம் விட்டு வைத்தால் போதும்.

மதிப்பெண் இல்லையென்றால் யார் எழுதுவார்கள் என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பலர் எழுதமாட்டார்கள். ஆனால் மதிப்பெண் போட்டால் எல்லோரும் எழுதுவார்கள், ஒருவரும் உண்மை எழுதமாட்டார்கள். வகுப்பு எடுக்க அனுப்பிய பயிற்சி மாணவரை நாள் முழுக்க எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளப் பதிவேற்றத்துக்கு உட்காரவைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. அதை மதிப்பெண் நோட்டில் எழுதும் துணிச்சல் யாருக்கு வரும்? அந்த நோட்டைப் படிக்கப்போகிறவர் அதே பள்ளியில் அவருக்குச் சான்று தரப்போகிறவர். ஒரு குழந்தை சாப்பிடாமல் வந்ததை, தன் குரல் நடுங்கியதை, வகுப்பு கையை மீறிப் போனதை எழுதவும் நம்பிக்கை வேண்டும். ஃபாரடேவுக்கு ஆபட் இருந்ததுபோல் இவர்களுக்கும் ஆளுக்கொரு வகுப்புத் தோழர் போதும். வாரத்துக்கு ஒருமுறை நோட்டை மாற்றிக்கொண்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருத்தக் கூடாது, பாராட்டவும் கூடாது. ஆசிரியர் பார்க்க விரும்பினால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று மாணவரே முடிவு செய்யட்டும். வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தை வைத்துப் பத்து நிமிடம் பேசினால், நோட்டுக்கு மதிப்பெண் போடாமலே பேச்சுக்குப் போடலாம்.

இந்த நினைவு அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் முதலிடம் பெறும் மாணவருக்கு நீங்கள் பரிசு தருகிறீர்கள், அது தொடரட்டும். அதோடு, இவ்வாண்டு பள்ளிகளுக்குப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் கோடு போடாத ஒரு நூறு பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். அட்டையில் லேபிள் வேண்டாம், தலைப்புகள் அச்சடிக்க வேண்டாம், கையெழுத்துக்கு இடம் விட வேண்டாம். துறைத்தலைவர் இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை; தேநீர் இடைவேளையில் கேட்டுவிடுகிறேன். அதற்கு முன், மாணவர்கள் பக்கமிருந்து கேள்விகள் இருந்தால் வரட்டும்.