தங்கத்துக்கு ஒரு விலை, பேச்சுக்கு ஒரு விலை

(எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எங்கள் குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் "தங்க நாணயம் பற்றி நீ சேர்த்து வைத்திருக்கும் விவரத்தை எல்லாருக்கும் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னதால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தப்பிருந்தால் பெரியவர்கள் திருத்துங்கள்.

போன சித்திரையில், அட்சய திருதியைக்குப் பத்து நாள் இருக்கும்போது, நம்ம பக்கத்து ஊர்களில் இரண்டு பேர் பைக்கில் சுற்றினார்கள். குழுக் கூட்டம் எந்தக் கிழமை என்று விசாரித்து வைத்துக்கொண்டு சரியாக அந்த நேரத்துக்கு வந்தார்கள். சாமி படம் போட்ட தங்க நாணயம், வெல்வெட் பெட்டி, நம்பர் போட்ட சான்றிதழ். "மொத்தமே ஆயிரம் நாணயம்தான் அடிச்சிருக்கோம் அக்கா, இந்த மாவட்டத்துக்கு ஐம்பதுதான், அடுத்த வருஷம் ரெண்டு மடங்கு விலைக்குப் போகும்" என்றார்கள். குழுவில் உள்கடன் வாங்கியாவது எடுத்து வைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் குழுவிலேயே மூன்று பேர் கடன் கேட்டார்கள். இரண்டு கூட்டம் இதிலேயே போனது, சண்டையும் வந்தது. கடைசியில், "நீங்களே திருப்பி வாங்கிக்கொள்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், கடன் தருகிறோம்" என்று தீர்மானம் எழுதினோம். அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

வேறொரு குழுவில் இருக்கும் ஒரு அக்கா அதற்கு முன்னாடியே வாங்கிவிட்டார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பேர் வேண்டாம். கறவை மாடு விற்ற பணம் கையில் இருந்தது. மகளை நர்சிங் படிப்பில் சேர்க்கும்போது பீஸ் கட்ட உதவும் என்று நினைத்து வாங்கினார். நாலு மாதம் கழித்துப் பீஸ் கட்ட வேண்டிய நேரம் வந்தது. விற்றவருக்குப் போன் செய்தால், "நாங்க திருப்பி வாங்குறதில்லை, சேகரிக்கிறவங்க யாராவது வாங்குவாங்க" என்று பதில். யார் அந்தச் சேகரிக்கிறவர்? அதற்குப் பதில் இல்லை. கும்பகோணத்தில் மூன்று நகைக் கடை ஏறி இறங்கினார். மூன்று கடையிலும் ஒரே பேச்சுதான்: "தங்கம் நல்ல தங்கம்மா. எடை சரியா இருக்கு. ஆனா தங்கத்துக்குத்தான் காசு. பெட்டிக்கும் பேப்பருக்கும் கிடையாது."

இதில் கவனிக்க வேண்டியது, அந்த நாணயம் போலி இல்லை. 24 காரட்தான், 4 கிராம்தான். தங்கம் பொய் சொல்லவில்லை, பேச்சுதான் பொய் சொன்னது.

அவருடைய பில்லை வைத்துக்கொண்டு, எண்களை முழுசாக்கி ஒரு கணக்குப் போட்டேன். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 கிராமுக்குத் தங்கம் மட்டும் 40,000. அந்த விசேஷ நாணயத்தின் விலை 52,000. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 1,560. ஆக 53,560 ரூபாய் கொடுக்கிறோம். அதே நாள் கடையில் விற்றால், தங்கத்தின் விலையில் 2 சதவீதம் கழித்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்தாலும் 39,200 கிடைக்கும். ஒரே நாளில் 14,360 ரூபாய் போச்சு.

சாதா நாணயம் வாங்கியிருந்தால்? செய்கூலி 3 சதவீதம் என்று வைத்தால் 41,200. வரி 1,236. மொத்தம் 42,436. அதிலும் உடனே விற்றால் நஷ்டம் உண்டு, ஆனால் 3,236 ரூபாய்தான். இரண்டும் ஒரே தங்கம், ஒரே எடை. வாங்கும்போது கூடக் கொடுத்த 11,124 ரூபாய் எதற்கு? பெட்டிக்கும், நம்பருக்கும், பேச்சுக்கும்.

இன்னொன்றையும் கணக்குப் பார்த்தேன். போட்ட பணம் திரும்பி வரவேண்டுமானால், சாதா நாணயத்துக்குத் தங்கம் கிராம் 10,830 ரூபாய்க்கு ஏறினால் போதும். விசேஷ நாணயத்துக்கு 13,660-ஐயும் தாண்ட வேண்டும். அதுவரைக்கும் காத்திருக்க நமக்கு முடியுமா? மகள் பீஸ் காத்திருக்குமா? கடன் வாங்கி எடுத்திருந்தால், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே 50,000-க்கு மாதம் 500, வருஷத்துக்கு 6,000 ரூபாய். நாணயம் பெட்டிக்குள் தூங்கும், வட்டி தூங்காது.

விற்கிறவர்கள் இங்கே ஒரு தந்திரம் செய்கிறார்கள். "மூணு வருஷம் முன்னாடி எங்க நாணயம் வாங்கினவங்களுக்கு இப்ப எவ்வளவு லாபம் பாருங்க" என்பார்கள். தங்கம் விலை ஏறினால் எல்லாத் தங்கமும்தான் ஏறும். நம்ம தோடும் ஏறும், மூக்குத்தியும் ஏறும். அதைத் தன் நாணயத்தின் பெருமையாகச் சொல்வது, ஊரெல்லாம் பெய்த மழைக்கு என் கூரைதான் காரணம் என்று சொல்வது போல.

இப்போது "நினைவு நாணயம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் நாட்டில் நாணயம் வெளியிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான். 2011-ம் வருஷத்து நாணயச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நம்ம தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆனதற்கு அரசு 1,000 ரூபாய் நாணயம் வெளியிட்டது. 5 ரூபாய் நாணயமும் வந்தது. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கும், கலைஞர் நூற்றாண்டுக்கும் 100 ரூபாய் நாணயம் வந்தது. இவையெல்லாம் அரசு நாணயம். ஆனால் தங்கம் இல்லை. பெரிய கோயில் 1,000 ரூபாய் நாணயம் வெள்ளி கலந்தது. 5 ரூபாய் நாணயம் மஞ்சளாக மின்னும், அதுவும் தங்கம் கிடையாது.

கடைக்காரரோ, கம்பெனியோ சாமி படம், தலைவர் படம் போட்டு அடித்துத் தருவது சட்டப்படி நாணயமே இல்லை. வட்டமாக அடித்த தங்கத் துண்டு, அவ்வளவுதான். அதைத் தங்கமாக வாங்கினால் தப்பில்லை. ஆனால் "ஆயிரம்தான் அடித்தோம்" என்பதை யார் எண்ணிப் பார்த்தது? இந்த வருஷம் மயில் வைத்து ஆயிரம், அடுத்த வருஷம் தாமரை வைத்து ஆயிரம். டிசைன்தான் குறைவு, நாணயம் குறைவில்லை.

சரி, அரசாங்கமே தங்கத்தில் அடித்தால் விலை ஏறாதா? இதற்கு என் அண்ணன் மகள் கல்லூரி நூலகத்தில் எடுத்துக் கொடுத்த குறிப்பைச் சொல்கிறேன். ஜப்பானில் 1986-ல் அவர்கள் சக்கரவர்த்தி ஹிரோஹிட்டோ அரியணை ஏறி 60 வருஷம் ஆனதற்கு ஒரு தங்க நாணயம் வெளியிட்டார்கள். எடை 20 கிராம், சுத்தத் தங்கம். மேலே அச்சடித்த மதிப்பு ஒரு லட்சம் யென். உள்ளே இருந்த தங்கத்தின் விலை அதில் பாதிகூட இல்லை. கூட்டம் தாங்காது என்று குலுக்கல் சீட்டுப் போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் அடித்ததோ ஒரு கோடி நாணயம். ஒரு கோடி பேர் கையில் இருக்கும் பொருளுக்குக் கூடுதல் விலை கொடுத்து யார் வாங்குவார்? எதிர்பார்த்த மாதிரி விலை ஏறவில்லை.

அதற்கு மேல் 1990-ல் ஒரு சேதி வெடித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த இந்த நாணயங்களில் ஒரு லட்சத்துக்கும் மேலானவை போலி என்று அங்குள்ள போலீஸ் சொன்னது. போலி என்றால் பித்தளை இல்லை அக்கா, அதிலும் தங்கம்தான்! தங்கத்தின் விலைக்கும் அச்சடித்த விலைக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி இருந்ததால், நிஜத் தங்கம் போட்டே போலி அடித்தாலும் லாபம். எங்கே தங்கத்தின் விலைக்கு மேலே பெரிய விலை ஒட்டப்படுகிறதோ, அந்த இடைவெளிக்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து சம்பாதிக்கிறார். வாங்குகிறவர் அல்ல.

ஏறியதும் உண்டு, மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 2020 நவம்பரில், இரண்டாம் உலகப் போர் முடிந்து 75 வருஷம் ஆனதற்கு அரசு ஒரு தங்க நாணயம் விட்டது. போர் முடிந்த வருஷம் 1945 என்பதால் 1,945 நாணயம் மட்டும். கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோய், பல மடங்கு விலைக்குக் கை மாறியது. அங்கே அரசு எண்ணிக்கை சொன்னது, வாங்கச் சேகரிப்பவர்கள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். நம் ஊரில் பைக்கில் வந்தவர் காட்டியதற்கு இந்த இரண்டும் இல்லை. குதிரையின் கதையைச் சொல்லிக் கழுதையை விற்கிற மாதிரி.

நம்ம பாட்டிமார்கள் இதை நன்றாகப் புரிந்துதான் வைத்திருந்தார்கள். நாம் "சவரன்" என்று சொல்வதே வெள்ளைக்காரர் ராஜ்யத்துத் தங்க நாணயமான சாவரின் என்பதிலிருந்து வந்த சொல். 22 காரட், எடை கிட்டத்தட்ட 7.98 கிராம். அதைத்தான் 8 கிராம் என்று முழுசாக்கி ஒரு சவரன் என்கிறோம். 1918-ல் பம்பாயிலேயே அந்த நாணயத்தை அடித்தார்கள். பாட்டிமார்கள் காசைப் பெட்டியில் பூட்டி வைத்து விலை ஏறுமா என்று பார்க்கவில்லை. வளையம் பற்ற வைத்துக் காசுமாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டார்கள். ராஜா தலையா ராணி தலையா என்று பார்த்து விலை சொல்லவில்லை. எடை என்ன, மாற்று என்ன, இதுதான் கேள்வி. கஷ்டம் வந்தபோது ஒரு காசைக் கழற்றிக் கொடுத்தார்கள், அரிசி வந்தது.

இனிமேல் யாராவது இப்படி நாணயம் கொண்டு வந்தால் நாம் கேட்க வேண்டியவை:

ஒன்று, இன்றைய தங்க விலைப்படி இதில் தங்கம் எத்தனை ரூபாய்? மீதி எத்தனை, எதற்கு? பில்லில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

இரண்டு, நீங்களே திருப்பி வாங்குவீர்களா, எந்த விலைக்கு? வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் வேண்டும். வங்கியில் வாங்கினாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: வங்கிகள் நாணயம் விற்கும், திருப்பி வாங்காது. ஈடு வைத்துக் கடன் கேட்டாலும், தங்கத்தின் மதிப்புக்குத்தான் தருவார்கள்.

மூன்று, பாக்கெட்டைப் பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்கிறார்களா? பிரிக்காமல் உரசிப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத தங்கத்துக்குக் கூடுதல் விலை ஏன் தர வேண்டும்?

நான்கு, "அஞ்சு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு ஒரு நாணயம் இலவசம்" என்கிறார்களா? அப்படி ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு மோசடியும் போனில் வருகிறது. "உங்ககிட்ட இருக்கிற பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவோம், முதலில் கமிஷன் கட்டுங்க, வரி கட்டுங்க" என்பார்கள். ரிசர்வ் வங்கி பேரையும் சொல்வார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே, நாங்கள் இப்படி எந்தக் கமிஷனும் கேட்பதில்லை, யாருக்கும் அதற்கு அனுமதியும் தரவில்லை என்று அறிவித்துவிட்டது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். கடை, பில், பொருள் சம்பந்தமான புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டையும் குழு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தங்கம் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை, நானும் கேட்க மாட்டேன். பெண் பிள்ளை வைத்திருக்கிறோம், குந்துமணித் தங்கம் சேர்த்தால் மனசுக்குத் தைரியம். தங்கமாக வாங்குவோம், எடை போட்டு வாங்குவோம், கையில் இருக்கும் சேமிப்பில் வாங்குவோம். உள்கடன் என்பது பத்து, பதினைந்து பேர் வாரா வாரம் நூறு, இருநூறாகப் போட்டுச் சேர்த்த பணம். அது ஆட்டுக்குட்டிக்குப் போகட்டும், தையல் மெஷினுக்குப் போகட்டும், ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போகட்டும்.

அதனால் இந்தப் பொதுக்குழு முன்னால் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். நாணய முன்பதிவுக்கு என்று எந்தக் குழுவும் உள்கடன் தருவதில்லை என்று எல்லாக் குழுவும் தீர்மானம் எழுத வேண்டும். கூட்டமைப்பின் அனுமதி இல்லாமல் குழுக் கூட்டத்துக்குள் வந்து யாரும் பொருள் விற்கக் கூடாது என்றும் ஒரு விதி வேண்டும். உங்களுக்குச் சரி என்று பட்டால் கை தூக்குங்கள்.

அந்த அக்காவின் மகள் படிப்பு நிற்கவில்லை. குறைந்த பணத்துக்கு அவருடைய குழுவே கல்விக் கடன் கொடுத்தது. மாதா மாதம் தவறாமல் கட்டி வருகிறார். மாடு மட்டும் இன்னும் வாங்கவில்லை. அடுத்த வங்கிக் கடனில் அவருக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.